கதவுக்கு அடியில் நீண்ட கை

விரிப்பு தொய்ந்துவிட்டது.

அண்ணி தன் பக்கத்து முனைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். நாலு எட்டு தள்ளி நின்ற நாத்தனாரும் தன் முனைகளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தப் பிடியில் தெம்பு இல்லை. உருளை இஸ்திரியிலிருந்து சுடச்சுட வந்த வெள்ளை விரிப்பு இருவருக்கும் நடுவே தொட்டில் மாதிரி தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"மின்னல், இழுத்துப் பிடி."

"பிடிச்சிருக்கேன் அண்ணி."

பிடித்த மாதிரி தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் இவளைவிட வேகமாக விரிப்பு மடிப்பவர் கிடையாது. அதனால்தான் மின்னல் என்று பெயர் வைத்தார்கள். அந்த மின்னல் தன் அண்ணன் மனைவியை அண்ணி என்று கூப்பிடப்போய், கூடம் முழுவதற்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்த வேன்காரர்கூட, "அண்ணி, மூட்டை ரெடியா?" என்றுதான் கேட்பார். ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

மடிப்பு என்பது இரண்டு பேர் வேலை. இழுத்து, உதறி, நடுவில் சந்தித்து, முனையைக் கைமாற்றி, மறுபடி விலக வேண்டும். நாளெல்லாம் ஒரே துணியின் இரு முனைகளைப் பிடித்து நிற்பவர்களுக்கு எதிராளியின் உடம்பு முகத்தைப் பார்க்காமலே தெரிந்துபோகும். மின்னலுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. முதியவர்களுக்கு வருகிற வகை இல்லை. கணையம் இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திக்கொண்ட வகை. மாத்திரையால் ஆகாது, ஊசி ஒன்றுதான் வழி. ஊசி கொஞ்சம் கூடிப்போனாலோ சாப்பாடு தள்ளிப்போனாலோ சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அப்போது அவள் விரல்கள் நடுங்கும். அந்த நடுக்கம் துணி வழியாக ஓடிவந்து அண்ணியின் விரலைத் தொடும். தனக்கு ஏதோ ஆகிறது என்று மின்னல் உணரும் முன்பே அண்ணி விரிப்பைப் போட்டுவிட்டு ஜூஸ் எடுக்க ஓடிய நாட்கள் உண்டு.

இன்று துணி நடுங்கவில்லை. வெறுமே கனத்துத் தொங்கியது.

அண்ணிக்கு அது பிடிபடவில்லை. காலையிலிருந்து பார்க்கிறாள். பெரிய பாட்டில் தண்ணீரை இரண்டு தடவை காலி செய்தாயிற்று. கழிப்பறைக்குப் போய்ப் போய் வந்தாயிற்று. பஞ்சுத் தூசி என்று சொல்லி ஒரு மாதமாகப் போட்டிருக்கும் முகக்கவசம் மூச்சுக்கு மூச்சு உள்ளே ஒட்டுவதும் வெளியே உப்புவதுமாக இருந்தது. ஓடிவந்தவள் மூச்சு மாதிரி. நின்ற இடத்தில் நிற்பவளுக்கு அப்படி ஏன் மூச்சு வாங்க வேண்டும்?

"உட்காரு," என்று அண்ணி சொல்ல வாயெடுப்பதற்குள் மின்னலே துணி மூட்டையின் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மின்னலுக்கு இறங்கிடுச்சு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

கூடம் முழுக்க அசைந்தது. இதற்கென்று அங்கே ஒரு பழக்கம் இருந்தது. சூப்பர்வைசர் மேசையின் கீழ் இழுப்பறையில் எப்போதும் இரண்டு ஜூஸ் டப்பாக்கள் இருக்கும். யார் வாங்கி வைக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை, தீர்ந்தால் மறுநாள் வந்துவிடும். அந்த இழுப்பறையைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்வாள். கடவுள் தன் வேலைகளில் பாதியை இந்த மாதிரிப் பெயர் சொல்லாத கைகளிடம்தான் ஒப்படைத்திருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை.

டப்பாவோடு முதலில் ஓடிவந்தவள் ரேடியோ. தலையணை உறை மடிக்கும் மேசைக்காரி, ஐம்பதை நெருங்கியவள். காலையில் அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் ஒருவருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாய் நிற்பதும் அவள்தான்.

"வாயைத் திற கண்ணு. குடி, குடி."

"வேண்டாம், குடுக்காதீங்க," என்றாள் அண்ணி.

ரேடியோவின் கை அந்தரத்தில் நின்றது. "என்னது?"

"இது இறங்கினது இல்லன்னு தோணுது. ஏறியிருக்கு. முதல்ல குத்திப் பார்த்துடலாம்."

"எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?"

அண்ணியிடம் பதில் இருந்தது. விரிப்பு நடுங்கவில்லை என்பதுதான் அந்தப் பதில். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அதைவிட, அது தப்பாக இருந்தால்? சர்க்கரை உண்மையிலேயே இறங்கியிருந்து, தான் தடுத்ததால் ஜூஸ் போகாமல் போனால், கொஞ்ச நேரத்தில் இந்தப் பெண்ணுக்கு நினைவு தப்பிவிடும். வலிப்பு வரலாம். ஊசிமுனையில் நிற்பது என்றால் என்னவென்று அவளுக்கு அப்போது புரிந்தது.

அவள் நாத்தனார் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "சர்க்கரை பார்க்கிற மிஷின் எங்க? எடு, குத்திப் பார்ப்போம்."

"மறந்துட்டேன் அண்ணி. வீட்ல இருக்கு."

செருப்பை மறப்பாள், சாப்பாட்டு டப்பாவை மறப்பாள், ஒரு தடவை சம்பளத்தையே மேசையில் விட்டுவிட்டு வந்தாள். அந்த மிஷினை மட்டும் இத்தனை வருஷத்தில் மறந்ததில்லை. மடியில் இருந்த துணிப்பையை அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்ட விதத்தில், அது பைக்குள்தான் இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

"பேசிட்டே இருந்தா எப்படி?" ரேடியோ டப்பாவில் குழாயைக் குத்தினாள். "பொண்ணு சரிஞ்சு கிடக்கா, அண்ணிக்காரி கேள்வி கேட்டுட்டு இருக்கா. ஒரு வாய் ஜூஸ் குடுக்க மனசு வரலியே உனக்கு. உன் கூடப்பிறந்தவளா இருந்தா இப்படி நிப்பியா?"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.  சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையும் அதையே சொன்னது. அண்ணி குழாயின் முனையில் தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"மின்னல், என் கண்ணைப் பாரு. உனக்கே தெரியும் இல்ல? இறங்கியிருக்கா, ஏறியிருக்கா?"

மின்னல் பார்க்கவில்லை. திடீரென்று எழுந்து, அழுக்குத் துணி போடும் கூடையின் மேல் குனிந்தாள். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. முகக்கவசத்தைப் பாதிதான் இறக்கியிருந்தாள், அவசரமாக மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

பின்னால் ரேடியோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தினாலும் அது ரேடியோவின் குரல். "வாந்தி வேறயா? ரெண்டு மூணு மாசமா அவளுக்கு அது வரலைன்னு ஒரு பேச்சு. நான் ஏதும் சொல்லல, தாயி. கேட்டதைச் சொல்றேன்."

 அந்தப் பேச்சு தன் காதில் விழுந்ததற்கு அடையாளமாக மின்னல் ஒருமுறை நிமிர்ந்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கழிப்பறைப் பக்கம் நடந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

*

கழிப்பறையில் மூன்று கதவுகள். கடைசிக் கதவுதான் சாத்தியிருந்தது. தண்ணீர் பட்டு ஊறி வீங்கக் கூடாது என்று கதவுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். அந்தச் சந்தில் மின்னலின் செருப்பும் மடக்கிய முழங்காலும் தெரிந்தன. அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"கண்ணு, கதவைத் திற."

 மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. ஆழமாக, வேகமாக, அளந்து விட்ட மாதிரி ஒரே சீராக. அண்ணி கதவுச் சந்தில் முகத்தைக் கொண்டுபோனாள். ஃபினாயில் நெடியையும் மீறி ஒரு வாசனை வந்தது. கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை.

 அந்த வாசனையைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில், மின்னலுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்து நர்ஸ் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். சர்க்கரை நர்ஸ் என்றுதான் வீட்டில் அவருக்குப் பெயர். 'வாயில பழ வாசனை வந்து, வாந்தியும் மூச்சு வாங்கறதும் இருந்தா, யோசிச்சிட்டு நிக்காதீங்கம்மா. இன்சுலின் பத்தாம உடம்புல அமிலம் ஏறுதுன்னு அர்த்தம். அடிச்சுப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.'

இன்சுலின் பத்தாம. எப்படிப் பத்தாமல் போகும்?

"மின்னல், நான் திட்ட மாட்டேன். சாமி சத்தியமாத் திட்ட மாட்டேன். ராத்திரி ஊசி எப்போ போட்டே?"

நீண்ட நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்ட குரல்.

"போடல."

"நேத்தா?"

"அஞ்சாறு நாளாப் போடல. சாப்பாட்டுக்கு முன்ன போடுற ஊசியும் பாதிதான்."

அண்ணி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா?"

"அந்த ஊசியாலதான் அண்ணி எல்லாம். டாக்டரே சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

விட்டு விட்டு, மூச்சுக்கு நடுவே, அவள் சொன்னாள். போன மாதம் இருவரும்தான் டாக்டரிடம் போனார்கள். அண்ணியின் மூன்று வயது மகள் அழுததால் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். உள்ளே மின்னல் தனியாக இருந்து, யாரிடமும் சொல்லாததை டாக்டரிடம் சொன்னாள். மாதவிலக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப்போவதையும், முகப்பரு அடங்காததையும், மோவாயில் கறுப்பாக, முரடாக முடி முளைப்பதையும் சொன்னாள். டாக்டர் படம் போட்டு விளக்கினார். உடம்பில் இயல்பாகச் சுரக்கும் இன்சுலின் நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும், ஊசியில் போடுவது உடம்பு முழுக்க அதிகமாகச் சுற்றும், அது சினைப்பையையும் தூண்டும், அப்போது சினைப்பை ஆண்களுக்குரிய சுரப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும், அதனால்தான் முடி, பரு, மாதவிலக்குக் கோளாறு என்றார். அதற்கு மேலும் பேசினார். அதற்கு மேல் மின்னலின் காதில் எதுவும் ஏறவில்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னது மட்டும் நினைவிருந்தது. வெட்கத்தில் அதையும் எடுக்கவில்லை.

"அப்ப ஊசியை நிறுத்தினா எல்லாம் நிக்கும்தானே?" என்றாள் மின்னல். கணக்கைச் சரியாகப் போட்ட குழந்தையின் குரல் அது. "கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம்னு நினைச்சேன். முடி நின்னதும் மறுபடி போட்டுக்கலாம்னு."

 போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அண்ணியின் மகள் அத்தையின் மடியில் ஏறி முத்தம் கொடுத்துவிட்டு, 'அத்தைக்கு அப்பா மாதிரி குத்துது' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும்தான் சிரித்தாள். மறுநாள் முகக்கவசம் வந்தது. அத்தை மடியில் ஏற விடவே மாட்டேன் என்கிறாள் என்று குழந்தை அழுதபோதும், 'அத்தைக்கு வேலை அலுப்பு' என்று அண்ணி சொல்லி வைத்தாள். கண்முன்னால் இருந்ததையெல்லாம் கோத்துப் பார்க்கத் தனக்கு ஏன் தோன்றவில்லை?

அழ இது நேரமில்லை. "அன்னைக்கு நானும் சிரிச்சேன்டா. நீ எப்படித் தவிச்சிருப்பேன்னு நினைக்கவே இல்ல. என் தப்பு. இப்ப வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வர மாட்டேன்."

"மின்னல்."

"அங்க போனா மறுபடி அதே ஊசியைத்தான் போடுவாங்க. முன்னைவிட அதிகமாப் போடுவாங்க." குரல் அழுகையில் உடைந்தது, ஆனால் கண்ணீர் விடுவதற்குக்கூட அந்த உடம்பில் ஈரம் இருக்கிறதோ என்னவோ. "என்னை விட்டுடுங்க அண்ணி. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

கதவை உடைக்கலாம். ஆளைக் கூப்பிட்டால் ஒரே உதையில் திறந்துவிடும். ஆனால் அந்தக் குறுகிய இடத்தில் கதவு அவள் மேலேயே விழும். அதைவிட, தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்துப் பிடித்து அமுக்கி ஊசி போட்டு இன்று பிழைக்கவைத்தாலும், வீட்டில் யாரும் பார்க்காத ஒரு ராத்திரி மறுபடி ஊசியை மூடி வைத்துவிட்டால்? உடம்பு வெளியே வந்தால் போதாது. மனசும் சேர்ந்து வர வேண்டும். கடவுளே, எனக்குச் சரியான வார்த்தையைக் கொடு, என்று வேண்டிக்கொண்டாள்.

"சரி. வர வேண்டாம். குத்திப் பார்க்க மட்டும் விடு. மிஷின் பைக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் தள்ளு. விரலைக் கதவுக்கு அடியில நீட்டு. அவ்வளவுதான் கேக்கறேன்."

சந்து வழியாக முதலில் மிஷின் வந்தது. பிறகு ஒரு கை. உலர்ந்து வெளுத்து, சுருங்கிய விரல் நுனிகளோடு ஒரு கை மட்டும் ஈரத்தரையில் வந்து கிடந்தது. அண்ணி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். இந்தக் கை எத்தனை விரிப்புகளின் மறுமுனையில் இருந்திருக்கிறது. நடுவிரலில் குத்தினாள். ரத்தம் சுலபமாக வரவில்லை, பிதுக்க வேண்டியிருந்தது. பட்டையில் தொட்டு வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு மேலே போனால் காட்டும் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் வந்தன.

விரிப்பு சொன்னது சரிதான். சரியாக இருந்ததில் துளியும் சந்தோஷம் இல்லை. கையை விடாமலே மறுகையால் போனை எடுத்துச் சர்க்கரை நர்சைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை எடுத்தார்.

அண்ணி நடந்ததைச் சொன்னாள். நர்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். "போனைக் கதவுக்குக் கீழ வைங்கம்மா," என்றார் பிறகு.

"மின்னலு, நான்தான். கேக்குதா? டாக்டர் சொன்னது நிஜம்தான்டா. ஆனா நீ பாதியோட எழுந்து வந்துட்டே. மீதியை நான் சொல்றேன், கேட்டுக்கோ. ஊசி உன் சினைப்பையைத் தூண்டுறது உண்மை. அதுக்கு மருந்து ஊசியை நிறுத்துறது இல்ல. நிறுத்தினா முடி நிக்காது, உன் மூச்சுதான் நிக்கும். சினைப்பைக்குத் தனியா மாத்திரை இருக்கு. முடிக்கு வைத்தியம் இருக்கு. ஊசி அளவையும் உனக்குப் பொருந்துற மாதிரி டாக்டர் மாத்திப் பார்ப்பாங்க. உன்னை மாதிரி சின்ன வயசுல சர்க்கரை வந்த பொண்ணுங்க எத்தனையோ பேருக்கு இந்தத் தொந்தரவு இருக்கு. என்கிட்டயே எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா? எல்லாரும் தனக்கு மட்டும்தான்னு நினைச்சு முகத்தை மூடிட்டுத்தான் வருவாங்க. நீ இப்ப உடனே கிளம்பணும். அவசரப் பிரிவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். கிளம்புறியா?"

கதவுக்குப் பின்னால் மூச்சு மட்டும் ஓடியது.

"யோசிக்கிறா," என்றாள் அண்ணி போனில்.

"யோசிக்க ரொம்ப நேரம் குடுக்காதீங்கம்மா," என்றார் நர்ஸ். அவர் குரல் மாறியிருந்தது.

மடியில் இருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. "தூங்கிடாத," என்று அண்ணி அதை உலுக்கினாள். "பேசு. ஏதாவது பேசு."

"எல்லாரும் பார்ப்பாங்க," என்றது உள்ளிருந்த குரல், குழறலாக. "ஆஸ்பத்திரியில முகத்துல மாட்டியிருக்கறதைக் கழட்டச் சொல்வாங்க. வெளியில ரேடியோ அக்கா வேற... வயித்துல பிள்ளைன்னு..."

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. ரேடியோ நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையில் இன்னமும் அந்த ஜூஸ் டப்பா இருந்தது. அண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தச் செய்தியும் இனி மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும்.

ரேடியோ டப்பாவைக் கைகழுவும் தொட்டியில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி வலிக்க வலிக்க, அண்ணிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

"ஏய் மின்னலு. நான்தான் ரேடியோ."

ரேடியோ கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"உனக்கு மோவாயில எத்தனை முடி இருக்கும்? பத்து? இருபது? எனக்கு எண்ண முடியாதுடி. உன் வயசுல ஆரம்பிச்சது. உனக்காவது சர்க்கரை, ஊசின்னு ஒரு காரணம் இருக்கு. எனக்கு அதுவும் இல்ல. சும்மாவே சினைப்பையில கட்டி கட்டியா இருக்குன்னாங்க. விடியறதுக்கு முன்ன எழுந்து, பாத்ரூம்ல லைட்டைப் போட்டு, என் வீட்டுக்காரர் எழுந்திருக்கறதுக்குள்ள வழிச்சு எடுத்துடுவேன். கட்டிக்கிட்டு இத்தனை வருஷம், அந்த மனுஷனுக்கே தெரியாது. ஊர்ல உள்ள செய்தியெல்லாம் ஒலிபரப்புறேன், இந்த ஒரு செய்தி மட்டும் இந்த ரேடியோவுல வந்ததே இல்ல."

அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள். ரேடியோ அவளைப் பார்க்கவில்லை. கதவிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்ப யாராவது ஒருத்தி, எனக்கும் இருக்குடின்னு சொல்லியிருந்தா போதும். யாரும் சொல்லல. அதான் நான் உனக்குச் சொல்றேன். வெளியில நான் பேசினது அசிங்கம். அடுத்தவங்க வயித்தைப் பத்திப் பேசிட்டா என் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு ஒரு கெட்ட புத்தி. அதை நான் போய்ச் சரி பண்றேன். நீ வெளிய வா தாயி. உன் தாடையை யாராவது பார்த்தா, என் தாடையைக் காட்டு."

உள்ளே ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. மடியில் இருந்த கை மெல்ல நழுவிக் கதவுக்கு அடியில் போயிற்று.  தாழ்ப்பாளில் விரல்கள் தடுமாறின. ஒருமுறை தவறின. இன்னொரு முறை.

கதவு திறந்தது.

*

மின்னல் முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். கண்கள் குழிவிழுந்து, உதடு வெடித்து, நிற்க முடியாமல் நின்றாள். இருவரும் இரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள்.

கூடத்தின் நடுவே நடந்தபோது ரேடியோ தன் முழுக் குரலில் அறிவித்தாள்: "பொண்ணுக்குச் சர்க்கரை ஏறியிருக்கு. ஊசி பத்தல. வேற ஒண்ணும் இல்ல. வேற ஏதாவது யாராவது பேசினா, அது நான் கிளப்பின பொய். என்னைக் கேளுங்க. வழி விடுங்க." அவள் வாழ்க்கையில் ஒலிபரப்பிய செய்திகளிலேயே சிறந்தது அதுதான் என்று அண்ணி பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். சூப்பர்வைசருக்குக் கடிகாரம் என்று பெயர். கால் மணி தாமதமானாலும் கணக்கில் எழுதுகிற மனிதர். அவரே ஓடிப்போய் ஆஸ்பத்திரி வேனில் ஏற்றியிருந்த மூட்டைகளைத் தரையில் தள்ளிக்கொண்டிருந்தார். "சுத்தத் துணி அழுக்காகுது சார்," என்றார் வேன்காரர். "மறுபடி வெளுக்கலாம். நீ வண்டியை எடு," என்றார் கடிகாரம்.

வேனின் பின்பக்கத்தில் மின்னலைப் படுக்கவைத்து, தலையை அண்ணி மடியில் ஏந்திக்கொண்டாள். ரேடியோ கால்மாட்டில் வாளியோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் வேன்காரர், "பிடிச்சுக்கோங்க," என்று குரல் கொடுத்தார். மின்னலின் இமைகள் மூடத் தொடங்கின. "மின்னல், உன் மருமக பேர் சொல்லு. பாப்பா பேர் சொல்லு," என்று அண்ணி கன்னத்தைத் தட்டினாள். அவள் சொன்னாள். பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னாள். மூன்றாவது தடவை உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. அண்ணி வாய்விட்டே வேண்டத் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கால்மாட்டிலிருந்து ரேடியோவும் சேர்ந்துகொண்டாள்.

அவசரப் பிரிவின் வாசலில் தள்ளுப்படுக்கை தயாராக நின்றது. நர்ஸ் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். இரண்டு கைகளிலும் குழாய் செருகி, உப்புநீர் பாட்டில்களைத் தொங்கவிட்டார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மூச்சை எண்ணினார்கள். திரையை இழுத்தார்கள். வெளியே நிற்கச் சொன்னார்கள், அண்ணி போகவில்லை. அவளிடம் யாரும் இரண்டாம் முறை சொல்லவும் இல்லை.

முதல் பாட்டில் தீர்ந்து இரண்டாவது பாதியானபோது மின்னல் கண் திறந்தாள். வயதில் சின்னவராக இருந்த பெண் டாக்டர் கையில் குறிப்போடு வந்து நின்றார்.

"இப்ப இன்சுலின் ஆரம்பிக்கப் போறோம். அதுக்கு முன்ன ஒண்ணு தெரியணும். கடைசியா எப்போ போட்டீங்க?"

அண்ணி முந்திக்கொண்டாள். பழக்கதோஷம். வீட்டுப் பெண்ணை யாரும் திட்டிவிடக் கூடாது என்ற பாசம், பொய்யைக்கூட நாக்கு நுனியில் தயாராக வைத்திருக்கும். "ரெண்டு வேளை மறந்து..."

"மறக்கல," என்றாள் மின்னல்.

அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

"ராத்திரி ஊசியை நானா நிறுத்தினேன் டாக்டர். அஞ்சாறு நாளாச்சு. சாப்பாட்டு ஊசியும் பாதிதான் போட்டேன். எனக்கு மோவாயில முடி முளைக்குது. மாதவிலக்கு வர்றதில்ல. ஊசியாலதான்னு நினைச்சு நிறுத்திட்டேன்." வார்த்தைக்கு வார்த்தை நின்று, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு படுக்கையில் யாரோ இருமினார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

டாக்டர் திட்டவில்லை. கால்மாட்டில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. இதைச் சொல்லாம விட்டிருந்தா, நாங்க காய்ச்சலா, கிருமியான்னு தேடிட்டு இருந்திருப்போம். சொல்லாம விட்டவங்க இன்னைக்குப் பொழைச்சுப் போய், திரும்பவும் இதே படுக்கைக்கு வந்ததைப் பார்த்திருக்கேன்." நர்ஸ் ஒருத்தி இன்சுலின் நிரப்பிய குழலோடு வந்து நின்றாள். டாக்டர் அவளைக் கையமர்த்திவிட்டு மின்னலைக் கேட்டார். "ஆரம்பிக்கலாமா?"

கேட்காமலே ஆரம்பித்திருக்கலாம். கேட்டார். அண்ணி அந்த டாக்டரை மனதுக்குள் கும்பிட்டாள்.

மின்னல் அந்தக் குழலைப் பார்த்தாள். ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான ஓர் உறவினரைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க," என்றாள்.

"சினைப்பைக்கு என்ன செய்யறதுன்னு நாளைக்கு அதுக்கான டாக்டர் வந்து பேசுவாங்க. ஸ்கேன் எடுக்கணும். அவசரம் இல்ல. முதல்ல தெளிவாகி எழுந்து உட்காருங்க."

டாக்டர் எழுந்து அடுத்த படுக்கைக்குப் போகத் திரும்பினார். குழலில் இருந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

"டாக்டர்," என்று கூப்பிட்டாள் மின்னல்.

அவர் நின்றார்.

"அந்த டாக்டர் நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாங்க?"